காதில் தொடங்கும் வாசிப்பு

வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பெற்றோரும் சரி, அதிகாரிகளும் சரி, "எழுத்து தெரியவில்லை" என்றுதான் சொல்வார்கள். நான் பார்த்த அப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரிந்திருந்தது. அட்டையைக் காட்டினால் 'ப' என்பார்கள், 'ட' என்பார்கள். எழுதச் சொன்னால் சுழி பிசகாமல் எழுதுவார்கள். மூன்று எழுத்தைச் சேர்த்து வைத்தால் மட்டும் வாய் நின்றுவிடும். அந்த எழுத்துக்கும், தங்கள் வாயில் ஏற்கெனவே சரளமாக ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்கும் என்ன உறவு என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. அந்த உறவைப் பிடித்துக் கொடுப்பதுதான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் தொழில். அதற்கு முதலில் வேண்டியது, பிள்ளையின் வாயிலிருந்து வருவதைக் கூர்ந்து கேட்கும் காது.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் கழிந்தது. அநேகமாக எல்லாம் ஈராசிரியர் பள்ளிகள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். பிள்ளைகளின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் நூற்பாலைக்கும் காலையிலேயே வேன் ஏறிவிடுவார்கள். வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. எனவே வாசிப்பு என்று ஒன்று வருமானால் அது அந்த அறைக்குள், அந்த நேரத்துக்குள் வந்தால்தான் உண்டு.

நான் பணியில் சேர்ந்த 1980களின் கடைசியில் எங்கும் ஒரே முறைதான். அரிச்சுவடியைக் கூட்டமாகச் சொல்வது, பிறகு எழுத்துக்கூட்டி வாசிப்பது. 'பட்டம்' என்ற சொல்லைப் பிள்ளைகள் "ப, இட், ட, இம், பட்டம்" என்று ராகமாகச் சொல்வார்கள். அந்த ராகத்தில் தேறி வாசிக்கப் பழகியவர்கள் ஏராளம். நானே அப்படிப் படித்தவள்தான். ஆனால் தேறாமல் நின்ற பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று கவனித்தபோது, பலரும் அந்த 'இட்'டில்தான் நின்றார்கள். மெய்யெழுத்தைத் தனியே சொல்ல வராது. சொல்வதற்காக முன்னால் ஓர் இகரம் சேர்க்கிறோம். பெரியவர்களுக்கு அது எழுத்தின் பெயர். ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது ஓர் ஒலி. 'ப'வும் 'இட்'டும் 'ட'வும் 'இம்'மும் சேர்ந்தால் அதன் காதில் 'பஇட்டஇம்' என்றுதான் விழும். அதற்குள் பட்டம் எங்கே இருக்கிறது? கூட்டிச் சொல்லிவிட்டு, கடைசியில் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் "பட்டம்" என்று முடித்துக்கொள்வார்கள்.

இந்த முடிச்சை எனக்கு அவிழ்த்துக் காட்டியது, மூன்றாம் வகுப்பில் ஒரு வரிகூட வாசிக்க வராமல் இருந்த ஒரு சிறுமி. மதிய உணவு முடிந்து வேப்பமரத்தடியில் பெண்பிள்ளைகள் 'க' பாஷை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு 'க' போட்டு, வெளியாளுக்குப் புரியாமல் பேசும் அந்த விளையாட்டை அறியாத தமிழ்ப் பிள்ளை குறைவு. "கநீ கஎங் கக கபோ கற?" என்று ஒருத்தி கேட்கிறாள், இவள் மூச்சு விடாமல் பதில் சொல்கிறாள். அந்தக் கூட்டத்திலேயே வேகம் இவள்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பட்டம்னு 'க' பாஷையில சொல்லு பாப்போம்."

"கபட் கடம்."

"பாட்டி?"

"கபாட் கடி. என்ன டீச்சர், இது ரொம்ப ஈசி."

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. 'இட்' என்று ஒன்றை அவள் தனியே வெட்டவே இல்லை. மெய்யை முந்தைய உயிர்மெய்யோடு ஒட்டி, 'பட்' என்று ஒரே துண்டாக எடுத்தாள். அந்தத் துண்டு யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் காதில் இருந்தது. அடுத்த நாள் கரும்பலகையில் 'பட்' என்று எழுதி வட்டம் போட்டேன், பக்கத்தில் 'டம்' என்று எழுதி வட்டம் போட்டேன். "இது உன் 'க' பாஷைதான், 'க'வை மட்டும் எடுத்துட்டுச் சொல்லு" என்றேன். "பட்... டம். பட்டம்!" என்றாள். அதே வேகத்தில் 'பக்கம்', 'சட்டம்', 'கப்பல்' எல்லாம் வந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் அவள் சிறு கதைகளைத் தானாக வாசிக்கத் தொடங்கினாள்.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்தத் துண்டு புதியதல்ல. குறில் தனியாகவும் ஒற்றோடும், நெடில் தனியாகவும் ஒற்றோடும் வந்தால் நேரசை. 'பட்டம்' என்பது நேர் நேர், தேமா. ஒற்றைத் தனியே எண்ணாமல் முன்னெழுத்தோடு சேர்த்துப் பிடித்தார்கள் நம் புலவர்கள். 'மரம்' என்பதை யாப்பு ஒரே நிரையசையாகக் கொள்ளும். பிள்ளைகள் 'ம', 'ரம்' என்று இரண்டாக வெட்டுவார்கள். அங்கே இருவரும் பிரிகிறார்கள். ஆனால் மெய்யைத் தனித்து நிற்க விடுவதில்லை என்பதில் புலவரும் பிள்ளையும் ஒரே கட்சி.

இது எங்கள் பள்ளியில் மட்டும் நடந்த அதிசயம் அன்று என்பதைப் பின்னால் வாசித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் இசபெல் லிபர்மன் குழுவினர் 1974இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லில் எத்தனை அசை (யாப்பின் அசை அல்ல, பிள்ளைகள் வெட்டுகிற துண்டு), எத்தனை தனியொலி என்று சிறுவர்களைத் தட்டிக் காட்டச் சொன்னார்கள். நான்கு வயதினரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். தனியொலிகளைத் தட்ட ஒருவராலும் முடியவில்லை. 1979இல் ஹோசே மொராய்ஸ் குழுவினர் போர்ச்சுகலில் எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லும்படி கேட்டார்கள். பெரும்பாலும் அவர்களால் இயலவில்லை. வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றவர்களால் முடிந்தது. அசை என்பது காது தானே அறிவது. தனியொலி என்பது எழுத்துக் கற்கும்போது கூடவே கற்றுக்கொள்வது. பக்கத்து மொழியான கன்னடத்தில் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு நெருக்கமானது. உயிர்மெய் எழுத்துமுறையில் படிக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்பதையும், தனியொலி உணர்வு அவர்களிடம் மெதுவாகத்தான் வருகிறது என்பதையும் அது காட்டியது. இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை 'ஞெ'யிலும் 'ளூ'விலும் தடுமாறினால் பதறத் தேவையில்லை என்ற தைரியம் எனக்கு அதில் கிடைத்தது.

தமிழ் எழுத்து, ஒலிக்கு மிக நெருக்கமான எழுத்து. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. 'க' என்பது ஒரே வடிவத்தில் ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த ஒரு துண்டு. காது எளிதில் பிடிக்கிற அளவிலேயே எழுத்தும் அமைந்திருப்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அதனால்தான் முதல் சில மாதங்கள் வேகமாக ஓடுகின்றன. தடங்கல் வருவது, அந்தத் துண்டுக்குள்ளே நுழைந்து மெய் வேறு, உயிர் வேறு என்று பார்க்க வேண்டிய இடத்தில். புள்ளி வைத்த எழுத்தும் கொம்பும் காலும் அதைத்தான் கேட்கின்றன. அந்த இடத்தில் ஆசிரியர் வெறும் வடிவத்தை மட்டும் காட்டினால் போதாது; வாய்க்குள் நடப்பதைக் காட்ட வேண்டும்.

'பாட்டு' என்பதைப் 'பாடு' என்று வாசிக்கிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். புள்ளி வைத்த எழுத்து அவர்கள் கண்ணில் படாமலில்லை. அதற்கு என்ன ஒலி என்று தெரியாததால் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொல்லப்போனால் 'ட்ட' என்பதன் முதற்பாதிக்கு ஒலியே கிடையாது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு ஒரு நொடி காத்திருக்கிறது, பிறகு விடுபடுகிறது. அப்படிச் சிக்கியிருந்த ஒரு பையனை அருகில் உட்காரவைத்து, அவன் விரல் இரண்டையும் தொண்டை மேட்டில் வைக்கச் சொன்னேன். "காது" என்று சொல்லச் சொன்னேன். தொண்டை இடைவிடாமல் அதிர்ந்தது. "காத்து" என்று சொல்லச் சொன்னேன். எங்கள் பக்கம் காற்றைக் காத்து என்றுதான் சொல்வோம். சொன்னவன் கண் விரிந்தது. "டீச்சர், நடுவுல நின்னுபோச்சு!" என்றான். அந்த நிற்றலுக்குத்தான் மேலே புள்ளி வைக்கிறோம் என்றேன். பிறகு 'படு, பட்டு', 'அகம், அக்கம்', 'பாடு, பாட்டு' என்று தானே தொண்டையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் புள்ளியைத் தாண்டிப் போகவில்லை. அதே எழுத்தை நூறு முறை எழுதச் சொல்லியிருந்தால் அந்த நிறுத்தம் அவன் காதுக்கு வந்தே இருக்காது.

குறில் நெடிலுக்கும் இப்படியே. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று மாத்திரைக்கு நம் இலக்கணம் கொடுத்த அளவு, ஒன்றாம் வகுப்புக்கென்றே செய்தது போல இருக்கிறது. 'படம்' என்னும்போது ப-வுக்கு ஒரு நொடிப்பு, 'பாடம்' என்னும்போது பா-வுக்கு இரண்டு. 'கல், கால்', 'மலை, மாலை', 'விடு, வீடு', 'கொடு, கோடு' என்று இணை இணையாகச் சொல்லி, பிள்ளைகளையே விரல் நொடிக்க வைப்பேன். நீளம் காதில் உறைத்த பிறகுதான் துணைக்கால் போட்ட எழுத்தையும் சுழிக்கொம்பு போட்ட எழுத்தையும் கரும்பலகையில் எழுதுவேன். தமிழில் பொருளையே மாற்றுகிற வேறுபாடு இது. ஆங்கிலப் பாட்டுகளை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கும் இந்தப் பயிற்சி மிகத் தேவைப்பட்டது.

கொம்பு ஒரு தனிச் சிக்கல். 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முதலில் வருகிறது. ஒலியில் எகரம் 'க்'குக்குப் பிறகு வருகிறது. 'கொ'வில் க-வுக்கு இரண்டு பக்கமும் குறி, ஒலி ஒன்றுதான். இடமிருந்து வலமாக வாசிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் மொத்தமாகப் பார் என்கிறோம். அதிலும் 'கௌ'வின் கடைசிப் பகுதி 'ள' போலவே இருப்பதால் 'கௌ'வும் 'கெள'வும் ஒன்றாகத் தெரியும். இங்கே விளக்கம் உதவாது. "வாய் முதலில் என்ன செய்கிறது?" என்று கேட்டு, 'க்' என்று தொடங்கி 'எ' என்று திறக்கச் செய்து, அந்த இரண்டையும் சேர்த்து ஒரே உருவமாகக் காட்டிவிட வேண்டும்.

இந்தக் கொம்பும் காலும் காலந்தோறும் திருந்தி வந்தவை என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இடமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்றிருக்கும் வடிவ வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். அதற்கு முன் சுவடி வாசித்தவர் சொல்லை முன்கூட்டியே காதில் கேட்டிருந்தால்தான் சரியாக வாசிக்க முடியும். 1978இல் தமிழக அரசு, பெரியார் 1930களிலிருந்து தம் ஏடுகளில் கையாண்ட வடிவங்களைத் தழுவி ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவத்தை ஒழுங்குபடுத்தியது. நான் சிறுமியாகப் படித்தது துதிக்கை போட்ட பழைய 'லை'யை; நான் கற்பித்தது புதிய 'லை'யை. பிள்ளைகளின் கண்ணுக்கு அந்த மாற்றம் எவ்வளவு சுமையைக் குறைத்தது என்பதை இரண்டையும் அறிந்தவர்கள் உணர்வார்கள். உகர, ஊகார வரிசை மட்டும் இன்னும் பழைய மாதிரியே கு, சு, டு, து என்று வெவ்வேறு வடிவத்தில் நிற்கிறது. அந்த வரிசைக்கு மட்டும் நான் எப்போதும் கூடுதல் நாள் ஒதுக்குவேன்.

எழுத்து ஒன்றாக இருந்தும் ஒலி பலவாக இருப்பது தமிழின் இன்னொரு இயல்பு. 'கடல்' என்பதில் வருகிற க வேறு, 'தங்கம்' என்பதில் வருகிற க வேறு, 'பகல்' என்பதில் வருகிற க வேறு. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி. மெல்லினத்துக்குப் பின் தொண்டை அதிரும் ஒலி. இரண்டு உயிருக்கு நடுவில் இளகிய ஒலி. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இந்த மாற்றத்தை ஒரு விதியாகவே விளக்கியிருக்கிறார். தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இதை நாம் கற்பிப்பதே இல்லை. 'கா, க, ம்' என்று வல்லொலியாகவே கூட்டி வந்தாலும், கடைசியில் சொல் பிடிபட்டதும் நாக்கு தானாக இளகி, தான் அறிந்த காகத்தைச் சொல்லிவிடும். பேச்சு வந்து வாசிப்புக்குக் கைகொடுக்கும் இடம் அது.

அந்தக் கை இல்லாதபோது என்ன ஆகும் என்பதை, பீகாரிலிருந்து நூற்பாலை வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவனிடம் கண்டேன். நல்ல கூர்மை. எழுத்துகளை வெகு சீக்கிரம் கற்றான். ஆனால் 'பாம்பு' என்பதில் இரண்டு இடத்திலும் 'ப' ஒரே மாதிரி அழுத்தி, 'பாம்ப்பு' என்று வாசிப்பான். 'படம்' என்பதன் முதல் ஒலியும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியும் அவன் வீட்டு மொழியில் இரண்டு தனி எழுத்துகள்; இங்கே ஒரே எழுத்து. "எது டீச்சர்?" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்பான். நியாயமான கேள்வி. பிறந்த முதல் ஆண்டுக்குள்ளேயே காது தன் வீட்டு மொழியின் ஒலி வேறுபாடுகளுக்குப் பழகிவிடுகிறது என்பதை வெர்க்கர், டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் பிரித்தறிந்த இந்தி த-ட வேறுபாட்டை ஒரு வயது நெருங்கும்போது பிரித்தறியவில்லை. இவன் காதும் அப்படித் தன் மொழிக்குப் பழகிய காதுதான். அவனுக்கு நான் விதி சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளோடு கதை பேசவும் விளையாடவும் கூடுதல் நேரம் கொடுத்தேன். அவன் பேசிக் கேட்ட சொற்களை மட்டும் வாசிக்கக் கொடுத்தேன். கபடியும் கோலிக்குண்டும் ஆடி அவன் பேச்சு தேறத் தேற, வாசிப்பும் பின்னாலேயே தேறியது. வாய்க்கு வராத மொழியில் வாசிப்பை மட்டும் தனியே வரவழைக்க முடியாது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் தமிழில் உள்ள தூரம் வேறு. நாம் 'எலை' என்கிறோம், 'இலை' என்று எழுதுகிறோம். 'ஒடம்பு' என்கிறோம், 'உடம்பு' என்று எழுதுகிறோம். எங்கள் பக்கத்தில் பழம் 'பளம்' ஆகும். வடக்கே சென்னைப் பக்கம் சிலர் வாயில் அது 'பயம்' ஆகும். சொல்வதெழுதுதலில் ஒரு பிள்ளை 'எலை' என்று எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவது வழக்கம். நான் அந்தப் பிள்ளையைப் பாராட்டிவிடுவேன். தன் காதில் உள்ளதைத் தானாக எழுத்தாக்கியிருக்கிறது. வாசிப்பின் அடிப்படை அதற்குக் கைவந்துவிட்டது. "நாம பேசும்போது எலை, புத்தகத்துல இலை" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தால், மறுவாரம் தானே திருத்திக்கொள்ளும். 'வருகிறான்' என்று அச்சிட்டிருப்பதை 'வாரான்' என்று வாசிக்கிற பிள்ளையும் அப்படித்தான். பொருள் புரியாமல் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. அதைத் தவறு என்று நிறுத்தி நிறுத்தித் திருத்தினால், புரிந்து வாசிப்பதை விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தடவத் தொடங்கிவிடும்.

ஒலியைக் கொண்டே எழுத்துப்பிழையைத் தீர்க்கவும் முடியும். "ரெண்டு சுழி னவா, மூணு சுழி ணவா?" என்ற கேள்வி எந்தத் தமிழ் வகுப்பறையிலும் ஓயாது. இதற்கு ஒரு கைக்கண்ணாடி போதும். "வண்டி" என்று மெதுவாகச் சொல்லி, 'ண்' என்ற இடத்தில் நிறுத்தி வாயைப் பார்க்கச் சொல்வேன். நாக்கு மேலே வளைந்து, ட-வுக்குப் போக வேண்டிய இடத்தில் ஏற்கெனவே போய் நிற்கும். "பந்து" என்றால் நாக்கு பல்லோடு நிற்கும். அங்கேதான் த-வும் பிறக்கிறது. "பாம்பு" என்றால் உதடு மூடியிருக்கும். ப-வுக்கும் அதே உதடு. வல்லினத்துக்கு முன் வருகிற மெல்லினம், தன் இனத்து வல்லினம் பிறக்கும் இடத்திலேயே பிறக்கிறது. ஆகவே ட-வுக்கு முன் மூணு சுழிதான் வரும், த-வுக்கு முன் ந்-தான் வரும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் க-வையும் ங-வையும், ச-வையும் ஞ-வையும், ட-வையும் ண-வையும் சேர்த்துச் சேர்த்தே பிறப்பிடம் சொல்வது இதனால்தான். கல்லூரியில் மனப்பாடமாகப் படிக்கிற அந்தப் பகுதியை, ஏழு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய் அம்மாவின் வாயையும் திறந்து பார்க்கும்.

சில பிள்ளைகளுக்குச் சிக்கல் எழுத்தில் இல்லை, பேச்சிலும் இல்லை, காதிலேயே இருக்கும். சொல்வதெழுதுதலில் ச-வும் த-வும் மாறி மாறி எழுதுகிற, கூப்பிட்டால் திரும்பாத, வகுப்பில் எப்போதும் கனவில் இருப்பது போலத் தெரிகிற பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன் காதைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் சளி பிடித்து நடுக்காதில் சீழ் கோத்துக்கொண்டால், பேச்சு கேட்கும், ஆனால் மெல்லிய ஒலிகள் மங்கிவிடும். அப்படி ஒரு சிறுமியைப் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டி, அவர்கள் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப, சிகிச்சைக்குப் பிறகு அவள் சொல்வதெழுதுதல் தெளிந்ததை நான் நேரில் பார்த்தேன். அவளுடைய அம்மா, "மக்குன்னு நெனச்சு அடிச்சுப்புட்டனே டீச்சர்" என்று அழுதார். ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கண் பரிசோதனை போலக் காது பரிசோதனையும் தவறாமல் நடக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

என் காலத்தில் கற்பித்தல் முறைகள் பல வந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்து, கையெட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதி கொடுத்தது. பாட அட்டைகளும், அடுத்தடுத்த படிகளைக் காட்டும் கற்றல் ஏணியும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் நகர வழிசெய்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளையின் அருகில் உட்கார்ந்ததால், ஒவ்வொரு குரலையும் தனியே கேட்க முடிந்தது. எனக்கு அந்த முறையில் கிடைத்த பெரிய லாபம் அதுதான். கொரோனாவால் பள்ளி மூடிக்கிடந்த பிறகு, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் அவர்கள் நிற்கும் நிலையால் பிரித்தது. பாடலுக்கும் கதைக்கும் விளையாட்டுக்கும் இடம் கொடுத்தது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் எந்த அட்டையும் எந்தச் செயலியும், ஒரு பிள்ளை 'பாட்டு' என்பதைப் 'பாடு' என்று வாசித்ததற்குக் காரணம் என்ன என்று தானே கண்டுபிடிக்காது. அதை எதிரே இருக்கும் ஆசிரியர்தான் கேட்டறிய வேண்டும்.

இப்போது பயிற்சி முடித்துவரும் இளம் ஆசிரியர்களிடம் நான் சொல்வது சில காரியங்கள்தான். ஒரு பழைய நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிள்ளை தவறாக வாசித்ததை, அது சொன்னபடியே எழுதுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். சில வாரத்தில் அந்தப் பக்கம் பேசும். குறிலை நெடிலாக்குகிறதா, இரட்டிப்பைத் தாண்டுகிறதா, கொம்பில் முட்டுகிறதா, வேற்றுமொழி வீட்டிலிருந்து வருகிறதா, காது மந்தமா என்று வேறு வேறாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கிற 'பத்துத் தடவை எழுதிட்டு வா' என்ற ஒரே மருந்து, இவற்றில் எதற்கும் பொருந்தாது. எழுத்தைக் காட்டுவதற்கு முன் பாடுங்கள், கதை சொல்லுங்கள், சொல்லைத் துண்டு போட்டு விளையாடுங்கள், 'க' பாஷையை வகுப்புக்குள் வரவிடுங்கள்.

பள்ளிக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. ஐந்து வயதுக்குள் ஒரு மொழியின் ஒலி முழுவதையும் கேட்டு, பிரித்து, பேசிப் பழகிவிட்டு வருகிறது. குறிலும் நெடிலும், வல்லினமும் மெல்லினமும் அதன் நாவில் ஏற்கெனவே சரியாக ஓடுகின்றன. அந்த அறிவை மதித்து, அதன்மேல் எழுத்தை வைத்தால் வாசிப்பு எந்தப் பிள்ளைக்கும் வரும். தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கும் வரும், நூற்பாலை வீட்டுப் பிள்ளைக்கும் வரும். வராமல் போகிற இடத்தில், அந்தப் பிள்ளை சொல்வதை இன்னும் ஒருமுறை கேட்க வேண்டிய கடமை நம்முடையது.